பழைய கார்களின் மூலவுறுதி

காணியொன்றின் உரிமையை அறிய உறுதியையும் தோம்பையும் புரட்டுவோம். போருக்கு முந்திய ஆங்கிலப் பந்தயக் கார்களுக்கோ அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கமே மூலவுறுதி. இயந்திரமும் மேற்கூடும் கைமாறுந்தோறும் மாற்றப்பட்டிருக்கலாம். எம்.ஜி. நிறுவனம் ஆக்கிய கே3 வண்டிகள் 33 மாத்திரமே. அவற்றைப் போலப் பிற்காலத்திற் புனைந்தனவும் பல உள. ஆதலின் தொழிற்சாலை ஏடு, பதிவுப் புத்தகம், பழைய நிழற்படம் ஆகியன ஒன்றையொன்று ஒத்துநிற்றல் வேண்டும். உடையவர் சொல் மட்டும் சான்றாகாது.

பிலிப் இளவரசர் 1940 இல் இலங்கையில் வாங்கிய 1935 ஆம் ஆண்டு ஸ்ராண்டர்ட் நைன் கார், பந்தய வகையன்றெனினும், கொழும்புக் காலிமுக ஹோட்டலிற் பேணப்படுகின்றது. நம் திருக்கோணமலைத் துறைமுகத்திலும் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. அக்காலக் கார் எவர் கொட்டிலிலேனும் கிடப்பின், பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் துருவை மெல்லத் துடைத்து இலக்கத்தைப் பார்த்தெழுதுக.