இரண்டாம் முறை கேட்டால் வேறு பதில்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் நெடுங்காலம் ஒரு விஷயத்தைச் சந்தேகித்ததே இல்லை. வட்டில் எழுதும் வேலை தோற்றால் இயங்குதளம் சொல்லிவிடும். மறுபடி எழுதச் சொன்னால் மறுபடி முயலும். 2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் என்ற உருவாக்குநர் இதில் பாதி பொய் என்று காட்டினார். லினக்ஸ் மறுபடி முயலவே இல்லை. முயன்று முடித்ததுபோல் பதில் மட்டும் தந்தது.

ஒரு நிரல் கோப்பில் எழுதுவது நேரே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை நினைவகத்தில், பேஜ் கேஷ் என்னும் இடத்தில் வாங்கி வைத்து, ‘இன்னும் வட்டேறவில்லை’ என்று குறியிட்டுக்கொண்டு, நிரலிடம் உடனே ‘ஆயிற்று’ என்கிறது. சுழலும் வட்டில் ஒவ்வொரு முறையும் பல மில்லிசெகண்டு காத்திருந்தால் வேலை ஓடாது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், பின்னணியில் ஓடும் ஒரு பணி 5 செகண்டுக்கு ஒருமுறை விழித்து, 30 செகண்டுக்கு மேல் தேங்கியதை வட்டுக்குத் தள்ளும். அதற்குள் மின்சாரம் போனால், எழுதியதும் போச்சு.

பணப் பரிமாற்றத்துக்கு இது உதவாது. அதற்காக இருப்பது எஃப்சிங்க் என்ற அழைப்பு. சாதாரணமாக எழுதுவது தபால் பெட்டியில் போட்ட கடிதம் என்றால், எஃப்சிங்க் ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபால்: சேர்ந்தது என்று தெரியும்வரை நிரல் காத்து நிற்கும். வட்டுக்குள்ளேயே தற்காலிக நினைவகம் ஒன்று உண்டு என்பதால், அதையும் காலி செய்யச் சொல்லி லினக்ஸ் கட்டளை அனுப்புகிறது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் வெறும் எஃப்சிங்க் அவ்வளவு தூரம் போகாது. அதற்குத் தனிக் கட்டளை வேண்டும். இது தெரியாமல் நிரல் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கோப்பு முழுவதையும் மாற்றி எழுதும்போது இன்னொரு பள்ளம். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால், நடுவில் கணினி நின்றால் இரண்டும் இல்லை. 2009இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென நின்றபின் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டுகளாகக் கிடந்ததைப் பலர் கண்டார்கள். பாதுகாப்பான முறை கொஞ்சம் சுற்றுவழி: தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு மாற்றி, பிறகு அந்த அடைவுக்கும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். கோப்பு பத்திரமாக இருந்தும், பெயர் மாறிய செய்தி வட்டுக்குப் போகாமல் தொலையும்.

இவ்வளவும் செய்த போஸ்ட்கிரெஸ் எங்கே ஏமாந்தது? ஒவ்வொரு மாற்றத்தையும் அது முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி உறுதி செய்துகொள்ளும். உண்மையான தரவுக் கோப்புகள் பிறகு சாவகாசமாக வட்டேறும். அவை ஏறிவிட்டதாக எஃப்சிங்க் சொன்னபின், பதிவேட்டின் பழைய பகுதி தேவையில்லை என்று கழித்துவிடும். ஒருநாள் வட்டில் பிழை நேர்ந்து எஃப்சிங்க் தோற்றது. போஸ்ட்கிரெஸ் மறுபடி அழைத்தது. இம்முறை வெற்றி என்று பதில். பதிவேடு கழிக்கப்பட்டது. ஆனால் முதல் தோல்வியிலேயே கர்னல் அந்த நினைவகப் பக்கங்களின் ‘இன்னும் வட்டேறவில்லை’ குறியை எடுத்துவிட்டிருந்தது. இரண்டாம் முறை எழுத அதனிடம் எதுவும் இல்லை. எழுத ஒன்றும் இல்லாததையே வெற்றி என்றது.

கர்னல்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. யுஎஸ்பி டிரைவை ஒருவர் பாதியில் பிடுங்கிவிட்டால், எழுதவே முடியாத பக்கங்களை எத்தனை நாள் சுமப்பது? நினைவகம் நிரம்பி மொத்தக் கணினியும் திணறும். எனக்கு ஒப்புக்கொள்ள முடியாதது, பிழையைச் சொன்ன விதம்தான். 2017இல் வந்த லினக்ஸ் 4.13 பதிப்புக்கு முன், அதே கோப்புக்கு வேறொரு நிரல் எஃப்சிங்க் அழைத்தால் பிழைச் செய்தி அதனிடம் போய்விடலாம். உரியவர் கேட்கும்போது எல்லாம் நலம் என்ற பதிலே கிடைக்கும்.

2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யும். முரட்டு வைத்தியம், ஆனால் மறுமுயற்சியை விட நேர்மையானது.

அதிலும் ஓர் ஓட்டையை 2020இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். தோற்ற எஃப்சிங்க் பதிவேட்டுடையதாகவே இருந்தால், மீண்டெழும் தரவுத்தளம் பதிவேட்டை வட்டிலிருந்து அல்ல, பேஜ் கேஷிலிருந்து படிக்கக்கூடும். வட்டில் இல்லாதது அங்கே இருப்பதுபோல் தெரியும். ரெடிஸ், எஸ்கியூலைட் உட்பட ஐந்து மென்பொருள்களைச் சோதித்ததில், எந்த ஒன்றின் தற்காப்பும் முழுமையாக இல்லை.