கடலோரக் கணக்கு – 9: மீன்பிடித் தடைக்காலமும் நில் ரிட்டர்னும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தூத்துக்குடியின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலை பழுதுபார்ப்பவருக்கும் இன்ஜின் மெக்கானிக்குக்கும் அதுதான் சீசன். ஐஸ் கம்பெனிக்காரருக்கோ கல்லா காலி. 'யாவாரமே இல்ல, பிறகென்ன கணக்கு?' என்று ஜிஎஸ்டி ரிட்டர்னை அவர் விட்டுவிட்டால், வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு ரூபாய்க்குக் கூட விற்காத மாதத்துக்கும் 'நில் ரிட்டர்ன்' போட வேண்டும். வரியே இல்லாத ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. தொகை சிறிதாக இருப்பதால் பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் மாதாமாதம் தாக்கல் செய்பவர் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினாலே இ-வே பில் எடுக்க முடியாமல் போகும். ஆறு மாதம் தவறினால் 29(2)(c) பிரிவின்படி பதிவையே ரத்து செய்யலாம். அதற்கு முன் நோட்டீஸ் வரும். பதில் சொல்ல ஏழு வேலைநாள். நோட்டீஸ் போவது போர்ட்டலுக்கும் இ-மெயிலுக்கும். பல கடைகளுக்கு அந்த இ-மெயில் ஆடிட்டர் ஆபீசுடையது!

பதிவு போனபின் வரி பில் தர முடியாது. பில் இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் சரக்கெடுக்காது. அதற்காக யாரும் ஐஸ் மெஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்காரப்போவதில்லை. பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்பார்கள். நஷ்டம் அரசுக்கும்தான்.

சென்னை உயர் நீதிமன்றம் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். சேலத்துச் சுகுணா கட்பீஸ் சென்டர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் 2022 ஜனவரி 31 அன்று நீதிபதி சி. சரவணன் தீர்ப்பளித்தார். இவர்களை ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்திவைத்தால் வரி இன்னும் கசியுமே தவிர வேறு பயனில்லை என்றார். நிலுவை ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டினால் பதிவுக்கு மீண்டும் உயிர் கொடுக்க உத்தரவிட்டார். தூத்துக்குடி மதுரைக் கிளைக்கு உட்பட்டது. அங்கேயும் பல வழக்குகளில் இந்தத் தீர்ப்பையே பின்பற்றினார்கள்.

அரசும் கொஞ்சம் இறங்கிவந்தது. ரத்தை நீக்கக் கோரும் கெடு 30 நாளாக இருந்ததை 2023 அக்டோபர் 1 முதல் 90 நாளாக்கியது. அதுவும் மேல்முறையீட்டுக் கெடுவும் தாண்டிவிட்டால், பழையபடி உயர் நீதிமன்றப் படிதான். சில ஆயிரம் ரூபாய் நிலுவைக்கு வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

துறைமுகத்தில் இதே தவறுக்கு வேறு நியாயம் நடக்கிறது. ஏற்றுமதியாளருக்கான ஐஇசி எண்ணின் விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், உறுதிசெய்ய வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த விதி இது. மறந்தால் எண் முடங்கும். சரக்குக்கு ஷிப்பிங் பில் போட முடியாது. ஆனால் விவரத்தை உறுதிசெய்தாலே எண் மறுபடி செயல்படத் தொடங்கும். ரிட் மனுவும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஜிஎஸ்டி மத்திய நிதி அமைச்சகத்தின் வேலை, ஐஇசி மத்திய வர்த்தக அமைச்சகத்தின் வேலை. இரண்டு அமைச்சகங்களும் டெல்லியில்தான் இருக்கின்றன. நிலுவையைக் கட்டியதும் ரத்தான பதிவு தானாகத் திறக்கும் அதுபோன்ற வழியை ஜிஎஸ்டியில் மட்டும் ஏன் வைக்கவில்லை?