பேர்மா எண்ணும் ஒயிலர் கண்ட காரணியும்

429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இவ்வெண் முதன்மை எண்ணா, அன்றா? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

பதினேழாம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டில் வாழ்ந்த பேர்மா என்பார் தொழிலால் நீதிமன்றத்தவர். கணிதம் அவருக்கு ஓய்வு நேரத்து இன்பம். இரண்டை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் வலுக்களுக்கு உயர்த்தி, ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால், 3, 5, 17, 257, 65537 என்பன கிடைக்கும். ஐந்தும் முதன்மை எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோரெண்ணால் மீதியின்றி வகுபடாதவை. முப்பத்திரண்டாம் வலுவைக் கொண்டு அடுத்து வருவதே மேற்கூறிய பேரெண். இவ்வரிசை முழுவதும் முதன்மை எண்களே என்று பேர்மா 1640ஆம் ஆண்டில் எழுதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைத்தாருமல்லர்.

சோதித்துப் பார்த்திருக்கலாமே எனலாம். ஆனால் அதற்கு 65536க்கு உட்பட்ட முதன்மை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கவேண்டும். அவை 6542 உள. கையால் அத்தனை வகுத்தல்களைச் செய்ய எவருக்குப் பொறுமை வரும்?

1729ஆம் ஆண்டில் கோல்ட்பாக் என்னும் அறிஞர் இச்செய்தியை இளைஞராயிருந்த ஒயிலருக்கு எழுதினார். 1732இல், உருசியாவின் சென் பீற்றர்சுபேக்கு நகரிலிருந்து விடை வந்தது: இவ்வெண் 641ஆல் வகுபடும், ஈவு 6700417. ஆகவே இது சேர்த்தி எண்.

கண்ட வழியை ஒயிலர் பின்னரே விளக்கினார். அதற்கு அடிப்படை பேர்மாவே கூறிய வேறொரு தேற்றம் என்பதுதான் வியப்பு. இரண்டின் ஆறாம் வலுவாகிய 64ஐ 7ஆல் வகுத்தால் மீதி ஒன்று. இரண்டைத் தவிர்ந்த எந்த முதன்மை எண்ணுக்கும், அதனினும் ஒன்று குறைந்த வலுவை எடுத்தால், இவ்வாறே மீதி ஒன்றாகும். இதனைக் கொண்டு, அப்பேரெண்ணின் காரணி எதுவாயினும் 64ஆல் வகுக்கும்போது மீதி ஒன்று தரவேண்டும் என்று அவர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்கின்றன. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வேலை ஐந்து வகுத்தல்களிலே முடிந்தது!

அதன்பின் இவ்வரிசையில் ஆறாவது முதன்மை எண்ணை எவரும் கண்டிலர். அப்பேரெண் முதலாக அடுத்தடுத்து வரும் 28 எண்களும் சேர்த்தி எண்கள் என இன்று நிறுவப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டுக்குக் கணினிகளாலும் ஒரு காரணியேனும் அகப்படவில்லை. காரணி தெரியாமல் சேர்த்தி எண் என்று சொல்வதெங்ஙனம்? 1877இல் பெப்பின் என்பார் வகுத்த சோதனை, காரணியைத் தேடாமலே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றது.