சூப்பர்மேன் முதலில் பறக்கவே இல்லை!

போன வாரம் என் தம்பி சிவப்புத் துண்டை முதுகில் கட்டிக்கிட்டு திண்ணையிலிருந்து குதிச்சான். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. "சூப்பர்மேன் மட்டும் எப்படிக்கா பறக்கிறான்?" என்று ஒரே அழுகை. அவனுக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன் தோழிகளே, தோழர்களே.

1938-இல் அமெரிக்கப் படக்கதையில் வந்த சூப்பர்மேன் பறக்கவில்லை. உயர உயரத் தாவுவார், அவ்வளவுதான். 1941-இல் தொடங்கிய கார்ட்டூன் படங்களில், குதித்துக் குதித்துப் போவது பார்க்க நல்லாயில்லை என்று பறக்க விட்டார்கள்.

1948 படத்தில் கிர்க் ஆலின் என்ற நடிகர் நடித்தார். அவர் கையைத் தூக்குவார். அடுத்த நொடி பறப்பது அவர் இல்லை, வரைந்த கார்ட்டூன் பொம்மை! நினைச்சாலே சிரிப்பா வருது. 1952-இல் வந்த டி.வி. தொடர் முதலில் கருப்பு வெள்ளை. அதனால் உடுப்பைக்கூட பழுப்பு, சாம்பல் நிறத்தில்தான் தைத்தார்களாம்.

1978-இல் கிறிஸ்டோபர் ரீவை கம்பியில் தொங்கவிட்டு, பின்னால் திரையில் வானத்தைக் காட்டிப் படம் பிடித்தார்கள். அதற்கு ஆஸ்கர் சிறப்பு விருதும் கிடைத்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2013 படத்தில் அந்தச் சிவப்பு ஜட்டியை எடுத்துட்டாங்க (டீச்சர் மன்னிக்கவும்). 2025 படத்தில் திரும்பப் போட்டுட்டாங்க!

எல்லாத்தையும் கேட்டுட்டு தம்பி, "அப்ப எனக்கும் ஒரு கம்பி கட்டி விடுக்கா" என்கிறான். அம்மா துண்டை பீரோவில் வைத்துப் பூட்டிட்டாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி