செப்பமான சமன்பாடு

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு இருவர் புறப்படுகின்றனர். ஒருவர் 1903ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மலை இருப்புப்பாதையில் 96 கிலோமீட்டர் வளைந்து ஏறுகிறார். மற்றவர் சாலை வழியே மோட்டாரில் செல்கிறார். கடந்த தொலைவு வேறு. செலவான எரிபொருளும் வேறு. ஆயினும் ஏறிய உயரம் இருவருக்கும் ஒன்றே. ஏறத்தாழ 1,400 மீட்டர். வழிக்கேற்ப மாறும் அளவுகள் சில. தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பொறுத்தவை சில. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்க்குக் கல்லூரிக் கணிதத்தின் ஒரு பகுதி எளிதில் விளங்கும்.

வகைக்கெழுச் சமன்பாடுகளுள் ஒரு வகையை ஆங்கிலத்தில் ‘எக்ஸாக்ட்’ என்பர். அதனைச் ‘சரியான’ என்று மொழிபெயர்த்தால், ஏனையவை தவறானவை என்ற மயக்கம் பிறக்கும். ‘செப்பமான’ என்று நாம் சொல்வோம். ஒரு சார்பின் முழு மாற்றமாக, கூட்டாமல் குறைக்காமல், அப்படியே அமைந்தது என்பதே அதன் கருத்து.

மலைச்சரிவில் ஓரிடத்தின் கிழக்குத் தொலைவு ய, வடக்குத் தொலைவு ர என்க. கிழக்குச் சரிவை ய-இன் நுண்மாற்றத்தாலும், வடக்குச் சரிவை ர-இன் நுண்மாற்றத்தாலும் பெருக்கிக் கூட்டினால் உயரத்தின் நுண்மாற்றம் கிடைக்கும். அக்கூட்டுத்தொகை பூச்சியம் என்றால், உயரம் மாறாமல் நடக்கிறோம் என்பது பொருள். நில அளவைப் படங்களில் காணும் சம உயரக் கோடுகளே இச்சமன்பாட்டின் தீர்வுகள்.

ஆனால் இரு கோவைகளைத் தந்து, ‘இவை சரிவுகள்’ என்று ஒருவர் கூறினால் நம்பலாமா? அதற்கு ஒரு சோதனை உண்டு. கிழக்கே ஓரடி வைத்துப் பின் வடக்கே வைத்தாலும், வடக்கே வைத்துப் பின் கிழக்கே வைத்தாலும் சேருமிடம் ஒன்றே. உயரமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆதலால், வடக்கே போகையில் கிழக்குச் சரிவு மாறும் வீதமும், கிழக்கே போகையில் வடக்குச் சரிவு மாறும் வீதமும் சமமாக வேண்டும். இடையே துளையற்ற பரப்பில் இச்சோதனை ஒன்றே போதும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர், கிளேரோ ஆகிய அறிஞர்கள் இதனைக் கண்டனர்.

எடுத்துக்காட்டாக, ய-இன் நுண்மாற்றத்தோடு (2யர + 3), ர-இன் நுண்மாற்றத்தோடு (ய² + 4ர) பெருக்கப்பட்டு, கூட்டுத்தொகை பூச்சியமாகிறது என்க. ய-ஐ நிலையாக வைத்து, முதற்கோவையை ர-ஐப் பொறுத்து வகையிட்டால் 2ய. ர-ஐ நிலையாக வைத்து, இரண்டாவதை ய-ஐப் பொறுத்து வகையிட்டாலும் 2ய. எனவே சமன்பாடு செப்பமானது.

இனி, ர-ஐ நிலையாகக் கொண்டு முதற்கோவையைத் தொகையிட்டால் ய²ர + 3ய கிடைக்கிறது. இங்கே மாறிலிக்குப் பதிலாக ர மட்டும் அடங்கிய ஓர் உறுப்பு மறைந்திருக்கலாம். மாணவர் பலர் இடறும் இடம் இதுவே. கிடைத்ததை ர-ஐப் பொறுத்து வகையிட்டால் ய² வருகிறது. இரண்டாம் கோவையில் எஞ்சுவது 4ர. அதன் தொகையீடு 2ர². ஆகவே தீர்வு: ய²ர + 3ய + 2ர² = மாறிலி.

சோதனை பொய்த்தால் கைவிட வேண்டுவதில்லை. ர × (ய-இன் நுண்மாற்றம்) − ய × (ர-இன் நுண்மாற்றம்) = 0 என்பதில் வீதங்கள் 1, −1; செப்பமில்லை. முழுவதையும் ர²-ஆல் வகுத்தால் இரண்டும் −1/ர² ஆகின்றன. ய/ர = மாறிலி என்ற தீர்வு உடனே கிடைக்கிறது. இவ்வாறு பெருக்கிச் செப்பமாக்கும் 1/ர² போன்றதைத் தொகையீட்டுக் காரணி என்பர்.

இது வெறும் ஏட்டு வித்தையன்று. ஒரு பொருள் பெறும் வெப்பம், அது மாறிய வழியைப் பொறுத்தது. மீள் மாற்றங்களில் அவ்வெப்பத்தைத் தனி வெப்பநிலையால் வகுத்தால், வழியைச் சாராத புதியதோர் அளவு தோன்றுகிறது. 1865ஆம் ஆண்டில் கிளாசியஸ் அதற்கு ‘என்ட்ரோப்பி’ என்று பெயரிட்டார். நீராவி எந்திரத்தின் திறனுக்கு எல்லை வகுப்பதும் அதுவே.

பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் இப்பாடத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்கின்றனர். விதியை மனனம் செய்து விடையும் எழுதிவிடுகின்றனர். ‘இரு வீதங்களும் ஏன் சமமாக வேண்டும்?’ என்று வீட்டில் தமிழில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காரணத்தைச் சொந்த மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் கணக்கு மறவாது.