பழைய முகவரியைத் தட்டினால் புதிய கடை திறக்கிறதா?

2020 பிப்ரவரி. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உத்திரமேரூரிலிருந்து சித்தி போன் செய்தார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "டேய், ஜபாங்னு டைப் பண்ணா மிந்த்ரானு வேற ஏதோ கடை வருதுடா. வைரஸ் புகுந்துடுச்சா?"

வைரஸ் இல்லை. கடை கை மாறியிருந்தது, அவ்வளவுதான். துணிமணிகள் விற்கும் ஜபாங்கை 2016 ஜூலையில் பிளிப்கார்ட் குழுமத்தைச் சேர்ந்த மிந்த்ரா 7 கோடி டாலருக்கு வாங்கியது. சில ஆண்டுகள் இரண்டு பெயர்களும் ஓடின. 2020-ல் ஜபாங்கை மூடியபோது, அங்கே வந்தவர்களை மிந்த்ராவுக்குத் திருப்பி விட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? பிரவுசரில் ஒரு முகவரியை டைப் செய்து என்டர் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது பிரவுசர். சர்வர் பக்கத்தைத் தராமல் 301 என்ற எண்ணையும் ஒரு புதிய முகவரியையும் தருகிறது. பூட்டிய ஷட்டரில் 'எங்கள் கடை பஜார் தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று போர்டு தொங்குமே, அதுதான் இது. போர்டைப் படித்துவிட்டுப் பிரவுசரே புதிய கடைக்குப் போய்விடுகிறது. உங்களுக்குத் தெரிவதெல்லாம் மேலே அட்ரஸ் பாரில் பெயர் மாறுவது மட்டும்தான். 301 என்றால் நிரந்தர மாற்றம், 302 என்றால் தற்காலிகம். விற்றுவிட்ட தளத்துக்கு 301-தான் சரி. கூகுள் போன்ற தேடுதளங்களும் அதைப் பார்த்துத்தான் புதிய முகவரியைத் தங்கள் பட்டியலில் ஏற்றிக்கொள்கின்றன.

ஆனால் போர்டு தொங்க வேண்டுமென்றால் பழைய கடைக்கு யாராவது வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை 2004-ல் ஈபே சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கி, 2005-ல் ஈபே இந்தியா என்று பெயர் மாற்றியது. 2017-ல் அது பிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14-ல் மூடியே விட்டார்கள். பதினைந்து வருடம் கூட ஆகவில்லை. எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இன்னும் அதே முகவரியில் இருக்கின்றன, அதுவும் ரினியூவல் கட்டணம் இல்லாமல்!

இந்த வாடகை விஷயத்தில் நானே சூடுபட்டவன். கல்லூரியில் படிக்கும்போது, பட்டுப்புடவை விற்கும் எதிர்வீட்டு அண்ணனுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். 2021-ல் அதை அவர் ஒரு வியாபாரிக்கு விற்றார். திருப்பி விடும் வேலை என்னுடையது. சுலப வழி என்று எல்லாப் பக்கங்களையும் புதிய தளத்தின் முகப்புக்கே திருப்பிவிட்டேன். அரக்குப் புடவை லிங்க்கை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தவர்கள் முகப்பில் வந்து நின்று திருதிருவென்று விழித்தார்கள். பிறகு உட்கார்ந்து, பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதே புடவையின் புதிய பக்கத்துக்கு இணைத்தேன். ஒரு மாலை நேர வேலைதான். முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்த தவறுதான் பெரியது. டொமைன் பெயருக்கு வருடா வருடம் கட்ட வேண்டிய சில நூறு ரூபாயை வாங்கியவர் கட்டுவார் என்று நான் நினைத்தேன். நான் கட்டுவேன் என்று அவர் நினைத்தார். நினைவூட்டல் மெயில்கள் நான் திறக்காத கல்லூரி மெயிலுக்குப் போயின. டாட் காம் பெயர் கெடு முடிந்த அன்றே பறிபோய்விடாது. சில வாரங்கள் அவகாசம் உண்டு. நீக்கிய பிறகும் 30 நாட்களுக்குள் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதற்கும் அப்பால் 5 நாட்கள் போனால், யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் புடவைக் கடை முகவரியில் ரம்மி விளையாட்டு வந்து உட்கார்ந்தது.

அதைவிடப் பயமுறுத்தியது மெயில். 301 பக்கங்களை மட்டும்தான் திருப்பும், மெயிலை அல்ல. பெயரை வைத்திருப்பவர் நினைத்தால் அந்த முகவரிக்கு வரும் மெயில் முழுவதையும் வாங்கலாம். அண்ணன் தன் பேங்க் கணக்குக்கே அந்தப் பழைய மெயிலைத்தான் கொடுத்திருந்தார்! 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று யாராவது கிளிக் செய்திருந்தால்? ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, எங்கெங்கே அந்த மெயிலைக் கொடுத்தோம் என்று தேடித்தேடி மாற்றினோம்.

எனவே தளத்தை விற்றாலும் பழைய பெயரை யார், எத்தனை வருடம் புதுப்பிப்பது என்று விற்பனைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். குறைந்தது ஒரு வருடமாவது திருப்புதலை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் ஐந்து வருடம் என்பேன். வெறும் வாசகராக இருந்தாலும், முகவரி தானாக மாறினால் அட்ரஸ் பாரைப் படியுங்கள். அது பேங்க் தளமாக இருந்தால் எதையும் டைப் செய்யாமல் மூடிவிட்டு, பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

அண்ணன் கடையில் பழைய முகவரி அச்சிட்ட துணிப்பைகள் இன்னும் ஒரு மூட்டை இருக்கின்றன. கொடுக்கும்போதெல்லாம் மார்க்கர் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.