எட்டும் விலையில் ஸ்போர்ட்ஸ் கார்

ஹைதராபாத் நகரில் உசேன் சாகர் ஏரிக்கரையில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் ஒரு மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. மின்சார வண்டிகளுக்கென நடத்தப்பெறும் ஃபார்முலா ஈ என்னும் உலகப் பந்தயத் தொடர் இந்திய மண்ணில் கால் வைத்தது அன்றுதான். ஏரியை ஒட்டிய பொதுச் சாலைகளே பந்தயக் களமாயின. அன்றாடம் ஆட்டோக்களும் பேருந்துகளும் ஊர்ந்து செல்லும் வழியில் தரையோடு தரையாகப் படிந்த வண்டிகள் அம்பெனப் பாய்ந்ததைக் கண்டு நகரத்து இளைஞர்கள் பூரித்துப் போயினர்.

அவ்விளைஞர்களுள் நம் சகோதரியின் மகனும் ஒருவன். மாதாப்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிபவன். பந்தயம் பார்த்துத் திரும்பிய நாள் முதல் அவனுக்கு ஒரே நினைவு. இரு கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட 'கூப்பே' வகை வண்டி ஒன்றைத் தன் சம்பளத்துக்குள் வாங்கிவிட வேண்டும் என்பதே அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய நண்பர்கள் நம் செகந்திராபாத் இல்லத்தில் கூடுவார்கள். காப்பி ஆறிப் போகும். வாதம் மட்டும் ஆறாது. ஒருவர் வண்டியின் வடிவைப் புகழ்வார். ஒருவர் இயந்திரத்துக்கு வலிமை போதாது என்பார். மற்றொருவர் பின் ஆசனத்தில் யார் உட்காருவது என்று கேட்பார். மூவரும் மோட்டார் வண்டிகளை நன்கு அறிந்தவர்களே. அவ்வாறாயின் ஒரே வண்டியைக் குறித்து இத்தனை மாறுபாடு ஏன்? இவ்வினாவையே இங்கு ஆராய்வோம்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். கூப்பே என்பது பிரெஞ்சுச் சொல்; 'வெட்டப்பட்டது' என்பது அதன் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில், முன்னும் பின்னும் ஆசனங்கள் கொண்ட பெரிய குதிரை வண்டியில் ஒரு பகுதியை வெட்டிக் குறைத்து, இருவர் மட்டும் அமரும்படி செய்ததற்கே அப்பெயர் வழங்கிற்று. மோட்டார் யுகத்திலும் பொருள் பெரிதும் மாறவில்லை. கூரை தாழும், அது பின்புறம் சரிந்து இறங்கும், கதவுகள் இரண்டாகும், பின் ஆசனம் பெயரளவில் நிற்கும். இடத்தைக் குறைத்து அழகைக் கூட்டிக்கொள்வதே இவ்வண்டியின் இலக்கணம். எனவே ஒரு சாரார் விரும்புவதும் மற்றொரு சாரார் வெறுப்பதும் இதன் பிறவியிலேயே அமைந்துவிட்டன எனலாம்.

இவ்வாதம் தமிழர்க்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஹெரால்டு என்னும் சிறிய வண்டி வெளிவந்தது. இத்தாலிய நாட்டு வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி அதற்கு உருவம் அளித்தார். கூப்பேயாகவும் இரு கதவுச் செடானாகவும் அது அறிமுகமாயிற்று. அதன் உடற்பகுதிகள் தனித்தனியே செய்யப்பட்டு, அடியிலுள்ள இரும்புச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டன. இம்முறை அமைந்தமையால் பிற நாடுகளிலும் அவ்வண்டியைப் பூட்டிச் சேர்த்தல் எளிதாயிற்று. அந்த வாய்ப்பைப் பயன்கொண்டு, சென்னையைச் சார்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயருடன் அதனை நம் நாட்டில் தயாரித்தது. இங்கு வந்தது கூப்பே அன்று, இரு கதவுச் செடானே. ஆயினும் அம்பாஸடரும் ஃபியட்டும் உலவிய அந்நாளைய சாலைகளில் அதுவே எழில் வண்டியாக விளங்கிற்று.

மோட்டார்ப் பிரியர்கள் அதனைக் கொண்டாடினார்கள். 25 அடி வட்டத்துக்குள் முழுவதும் திரும்பிவிடும் திறன் அதற்கு உண்டு. குறுகிய தெருவிலும் ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பிவிடலாம். முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். பழுது பார்ப்பவர் சக்கரத்தின்மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். ஆனால் குறை கூறியவர்களும் பலர். பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும்படி அமைந்திருந்தன. மேடு பள்ளங்களில் அது சுகமாக இருக்கும். வளைவில் மிக வேகமாகத் திரும்பினாலோ சக்கரம் உட்புறமாக மடங்கி, வண்டியின் பின்பகுதி நழுவக்கூடும். அதற்கும் மேலாக, பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் ஏறும் நாட்டில் இரு கதவுகள் எப்படிப் போதும்? நிறுவனத்தார் இக்குரலுக்குச் செவி சாய்த்தனர். 1960களின் பிற்பகுதியில் ஹெரால்டு நான்கு கதவுகள் பெற்றது. 1972இல் அதன் வழித்தோன்றலாக வந்த கெஸல் வண்டியில் ஊசலாடும் அச்சும் நீங்கி, கட்டியான ஒற்றை அச்சு இடம்பெற்றது. கண்ணைக் கவர வந்த வண்டி, குடும்பத்தின் கணக்குக்கு ஏற்பப் படிப்படியாக மாறிக்கொண்ட கதை இது.

அடுத்த முயற்சி கோவாவில் நிகழ்ந்தது. ஸான் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் 1998ஆம் ஆண்டு ஸான் ஸ்டார்ம் என்ற வண்டியை வெளியிட்டது. இருவர் மட்டுமே அமரலாம். கூரையைத் திறந்து காற்று வாங்கியபடி செல்லலாம். உடற்பகுதி கண்ணாடி இழையால் ஆனது. செல்வச் சீமான்கள் அயல்நாட்டிலிருந்து வருவித்த வண்டிகளைத் தவிர வேறு ஸ்போர்ட்ஸ் காரை அறியாத நாட்டில், இந்தியத் தொழிற்சாலையிலிருந்து அத்தகைய வண்டி வருகிறது என்ற செய்தியே இளைஞர்களின் உள்ளத்தைக் குளிர்வித்தது. பத்திரிகைகளில் அதன் படத்தைக் கண்டு வெட்டி வைத்துக்கொண்ட பள்ளி மாணவர்களுள் நாமும் ஒருவர்.

ஆனால் வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள் இருவேறு முகாம்களாகப் பிரிந்தனர். அதில் பொருத்தப்பட்டது 1149 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ரெனோ நிறுவனத்து இயந்திரம். அதன் வலிமை ஏறத்தாழ 60 குதிரைத்திறன். அதே 1998ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி என்னும் குடும்ப வண்டியில் 1.5 லிட்டர் வகைக்கு ஏறத்தாழ 100 குதிரைத்திறன் இருந்தது. 'மாமனார் மாமியாரை ஏற்றிச் செல்லும் வண்டி முந்திச் செல்ல, பந்தய வேடம் பூண்ட வண்டி பின்தங்குவதா?' என்று ஒரு சாரார் எள்ளினர். 'திறந்த வானின் கீழ்த் தரையை ஒட்டிச் செல்லும் இன்பத்துக்குக் குதிரைகளின் எண்ணிக்கை எதற்கு?' என்று மறு சாரார் விடையிறுத்தனர். மழைக்காலமும் புழுதியும் வெயிலும் நிறைந்த நாட்டில் திறந்த கூரை எத்தனை நாள் பயன்படும் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. முடிவில் அவ்வண்டி சிறு எண்ணிக்கையிலேயே விற்பனையாகி மறைந்தது. பாராட்டியவர் பலர், பணம் கொடுத்தவர் சிலர்.

இஃது ஏழை நாட்டின் குறை மட்டும்தானா எனின், அன்று. ஜப்பானின் டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக 2012ஆம் ஆண்டு '86' என்ற கூப்பேயை வெளியிட்டன. நடுத்தர வருமானம் உள்ள இளைஞரும் வாங்கத்தக்க ஸ்போர்ட்ஸ் கார் என்பதே அதன் நோக்கம். இந்தியாவில் அது விற்பனைக்கு வரவில்லையாயினும், உலகெங்கும் மோட்டார்ப் பிரியர்களிடையே அது எழுப்பிய விவாதம் நமக்கும் பாடமாகும். 2 லிட்டர் இயந்திரம், 200 குதிரைத்திறன், ஏறத்தாழ 1200 கிலோகிராம் எடை. இயந்திரத்தின் உருளைகள் நிமிர்ந்து நில்லாமல் இருபுறமும் படுத்த நிலையில் அமைந்திருந்தன. இதனால் வண்டியின் கனம் தரைக்கு அருகே தங்கிற்று. கனம் தாழ்ந்திருந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும்; திருப்பிய திசையில் உடனே திரும்பும். தலையில் குடம் சுமப்பவரையும் இடுப்பில் குடம் வைத்திருப்பவரையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். வண்டிக்கு அகலமான பந்தய டயர்களைப் பூட்டாமல் சாதாரண டயர்களையே பூட்டினார்கள். மிதமான வேகத்திலேயே ஓட்டுநர் வண்டியின் அசைவை உணர்ந்து மகிழ வேண்டும் என்பது அதன் கருத்து.

இதைப் புரிந்துகொண்டவர்கள் வண்டியை வானளாவப் புகழ்ந்தனர். மற்றவர்களோ, இவ்வளவு அழகான வண்டிக்கு இன்னும் 50 குதிரைத்திறன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று சலித்துக்கொண்டனர். வலிமையைக் கூட்டினால் பெரிய பிரேக்கும், உறுதியான அச்சும், அகன்ற டயரும் வேண்டும். அவற்றால் எடை கூடும், விலை கூடும். பிறகு அது மலிவான வண்டியாக இராது. எல்லோருக்கும் எட்டும் ஸ்போர்ட்ஸ் காரின் சிக்கல் முழுவதும் இச்சங்கிலியில் அடங்கியிருக்கிறது. பின்னர் 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டிக்கு 2.4 லிட்டர் இயந்திரம் அளிக்கப்பட்டது. குறை கூறியவர்களின் குரலும் வீண்போகவில்லை.

இனி நம் நாட்டின் இற்றை நிலையைக் காண்போம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிட்ரோயன் நிறுவனத்தின் பஸால்ட் விற்பனைக்கு வந்தது. திருவள்ளூர் மாவட்டத் தொழிற்சாலையில் தயாராகும் வண்டி அது. அதே மாதத்தில் டாட்டா நிறுவனத்தின் கர்வ் வண்டியும் வந்தது. இரண்டிலும் கூரை கூப்பேயைப் போலச் சரிந்து இறங்குகிறது. ஆனால் கதவுகள் நான்கு, அமர்வோர் ஐவர், தரையிலிருந்து உயரமும் அதிகம். 'உருவம் கூப்பே, உள்ளம் குடும்ப வண்டி. இதையா கூப்பே என்பது?' என்று தூய்மைவாதிகள் முகம் சுளித்தனர். நான்கு கதவு வேண்டும், அழகும் வேண்டும் என்று காத்திருந்தவர்களோ வரவேற்றனர். ஹெரால்டு வண்டிக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த நான்கு கதவுகளோடு, இவ்வண்டிகள் பிறக்கும்போதே பிறந்திருக்கின்றன.

இவ்வாறு இணங்கிப் போவதற்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுக்கும் மேற்படாத பெட்ரோல் வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு; இவ்விரு வரம்புகளுள் ஒன்றைத் தாண்டினாலும் 40 விழுக்காடு. இரண்டு லிட்டர் இயந்திரம் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார், தொழிற்சாலை வாயிலைத் தாண்டும்போதே மலிவு என்னும் தன்மையை இழந்துவிடுகிறது. எனவே பெரிய எண்ணிக்கையில் விற்க விரும்பும் எவரும் இருவர் மட்டும் அமரும் வண்டியைத் துணிந்து செய்ய முன்வருவதில்லை.

நம் வீட்டு விவாதத்துக்குத் திரும்புவோம். நண்பர்கள் மூவரும் மூன்று அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பொருளை அளந்தார்கள். முதலாவது கண்ணின் அளவு: வண்டி பார்க்க எப்படி இருக்கிறது? இரண்டாவது கையின் அளவு: ஸ்டியரிங்கைப் பிடித்தால் எப்படி ஓடுகிறது? மூன்றாவது வீட்டின் அளவு: யார் யார் ஏறுவர், எவ்வளவு செலவாகும், தெருவிலுள்ள வேகத்தடையில் அடிப்பாகம் தட்டுமா? மூன்றில் எதுவும் பொய்யன்று. ஒன்றால் அளந்துவிட்டு மற்ற இரண்டுக்கும் அதுவே தீர்ப்பு என்று கொள்வதே பிழை. வெளியூரில் தனியே வாழும் இளைஞர்க்கு மூன்றாவது அளவு எளிதில் மறந்துவிடும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து இறங்கும் நாளில் அது தானே நினைவுக்கு வரும்.

கையின் அளவை மட்டும் நம்புவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக்கை அழுத்திய பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை அகலமானதே. ஆயினும் அது பந்தயக் களம் அன்று. வேகத்தின் சுவையை அறிய விரும்புவோர்க்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு நம் தாயார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். முழங்கால் வலிக்கு மாதம் இருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அச்சமயம் பேரன், விலை பேசியிருந்த பழைய இரு கதவு வண்டி ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தாயார் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வண்டி அழகாகத்தான் இருக்கிறது, கண்ணா. நான் எந்த வழியாக ஏறுவது?" என்றார்கள். அவன் முகம் வாடிற்று. அன்றிரவு தாயார் நம்மிடம் தனியாக வந்து, "நான் ஆட்டோவில் போய்க்கொள்கிறேன். குழந்தை ஆசைப்பட்டதை வாங்கட்டும், நீ தடுக்காதே" என்றார்கள்.

நாம் தடுக்கவில்லை. பாட்டி சொன்னதை மட்டும் அவனிடம் தெரிவித்தோம். ஒரு வாரம் அவன் எதுவும் பேசவில்லை. பின்னர் அந்த விலையைக் கைவிட்டு, நான்கு கதவுகளுள்ள எளிய வண்டி ஒன்றை வாங்கினான். மிஞ்சிய பணத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வண்டியோட்டும் பயிற்சிக்குச் சேர்ந்தான். அவன் அறைச் சுவரில் இரு கதவு வண்டியின் படம் இன்றும் தொங்குகிறது. அதைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாதமும் ஓயவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நண்பர்கள் பேச்சைத் தொடங்குமுன், 'எந்த அளவுகோலால் பேசுகிறாய்?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.